71 நிமிடம் 35 விநாடி: இன்லைன் அசெம்பிளியில் விடுபட்ட ஒரு சொல்

பின்னணி

கிணற்று மோட்டார்களுக்கான கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றின் மென்பொருளில் நடந்த விஷயம் இது. தோட்டங்களில் இதை மொபைல் ஸ்டார்ட்டர் என்பார்கள். வீட்டிலிருந்தே போன் போட்டு மோட்டாரை ஓட்டலாம், நிறுத்தலாம். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி வைக்கலாம். இரண்டு மணி நேரம் ஓடினால் போதும் என்று நேரத்தைக் குறித்துவிட்டுத் தூங்கவும் போகலாம். தமிழ்நாட்டில் பல இடங்களில் விவசாய இணைப்புகளுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது. நள்ளிரவில் வந்தாலும் அந்த முறைக்குள் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். கருவி பாதியில் மோட்டாரை நிறுத்திவிட்டால் விடிந்த பிறகுதான் தெரியும், அதற்குள் மின்சாரம் போயிருக்கும்.

கருவிக்குள் இருப்பது 48 மெகாஹெர்ட்ஸில் ஓடும் கார்டெக்ஸ்-எம்0+ வகைச் சிப். மென்பொருள் முழுக்க சி மொழி. அதைச் சிப்பின் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் ஜிசிசி. அது நிரலை வேகமாக்கும் அளவு, அதாவது ஆப்டிமைசேஷன், ஓ2. இயங்குதளம் என்று எதுவும் கிடையாது. ஒரு பெரிய லூப் ஓயாமல் சுற்றும், நடுநடுவே இன்டரப்ட்கள், அதாவது ஓடும் வேலையை நிறுத்தி அவசர வேலையைச் செய்துவிட்டுப் போகும் குறுக்கீடுகள், வந்து போகும்.

நேரத்தை வைத்திருப்பது ஒரு 64-பிட் எண்ணி, கணக்கு மைக்ரோ விநாடியில். மில்லி விநாடிக்கு ஒருமுறை டைமர் இன்டரப்ட் வந்து அதில் 1000 கூட்டும். இந்தச் சிப் 32-பிட் என்பதால் எண்ணியை ஒரே தடவையில் படிக்க முடியாது. கீழ்ப்பாதியை ஒரு தடவை, மேல்பாதியை ஒரு தடவை என இரண்டாகத்தான் படிக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில் இன்டரப்ட் புகுந்து எண்ணியை மாற்றிவிட்டால் கையில் கிடைப்பது பழைய கீழ்ப்பாதியும் புதிய மேல்பாதியும் ஒட்டிய ஒரு எண். உண்மையில் அப்படி ஒரு நேரம் இருந்ததே இல்லை.

இதற்காகவே படிப்பதற்கு முன் இன்டரப்டை அடைத்து, படித்த பிறகு திறக்க இரண்டு சிறிய ஃபங்ஷன்கள் இருந்தன. சி மொழியில் நேரடியாக இதைச் சொல்ல வழியில்லாததால் இரண்டுக்கும் உள்ளே இன்லைன் அசெம்பிளி, அதாவது சி வரிகளுக்கு நடுவே நேரடியாக எழுதும் சிப்பின் கட்டளைகள். அடைக்கும் ஃபங்ஷன், இன்டரப்ட் அடைபட்டிருக்கிறதா என்று காட்டும் பிரைமாஸ்க் என்ற ரெஜிஸ்டரின் (சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) அப்போதைய மதிப்பை எடுத்து வைத்துக்கொண்டு இன்டரப்டை அடைக்கும். திறக்கும் ஃபங்ஷன் அந்தப் பழைய மதிப்பைத் திரும்பப் பிரைமாஸ்க்கில் போடும். இரண்டிலும் கம்பைலருக்கான குறிப்பாக வாலட்டைல் என்ற சொல் முறையாக எழுதப்பட்டிருந்தது. இவற்றை எழுதியவர் பல வருடங்களுக்கு முன்பே வேறு வேலைக்குப் போய்விட்டார். எழுதிய நாளிலிருந்து ஒரு குறையும் வந்ததில்லை.

என்ன மாற்றினோம்

புதிய வெர்ஷனில் மோட்டார் கரண்ட்டை இன்னும் அடிக்கடி அளக்க வேண்டியிருந்தது. தண்ணீர் இல்லாமல் மோட்டார் வெறுமனே ஓடுவதை வேகமாகக் கண்டுபிடிப்பதற்காக. லூப்பை அளந்து பார்த்தபோது நேரம் கேட்பதற்கே கணிசமான சைக்கிள்கள் (சிப்பின் கடிகாரத் துடிப்புகள்) போவது தெரிந்தது. நேரம் சொல்லும் ஃபங்ஷன் ஒரு கோப்பில், அடைப்பதும் திறப்பதும் வேறொரு கோப்பில். ஒவ்வொரு தடவையும் மூன்று ஃபங்ஷன் கால்கள் (அழைப்புகள்). குழுவில் இருந்த இளைய பொறியாளர் மூன்றையும் மற்ற கோப்புகள் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்புக்கு நகர்த்தி, அழைக்கும் இடத்திலேயே விரியும் ஸ்டாட்டிக் இன்லைன் ஆக்கினார். உள்ளே இருந்த வரிகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. மாற்றத்தைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தது நான். இடம்தான் மாறியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று எனக்குப் பட்டது.

மேசையில் இரண்டு வாரம் சோதித்தோம், எல்லாம் சரியாக இருந்தது. பிறகு சுமார் 300 கருவிகளுக்கு அந்த வெர்ஷன் போனது.

முதல் புகார்கள்

முதல் வாரத்திலேயே போன் வர ஆரம்பித்தது. புகார் ஒன்றேதான்: வைத்த நேரம் முடியும் முன்பே மோட்டார் நின்றுவிடுகிறது. எல்லோருக்கும் நடக்கவில்லை. நடந்தவர்களுக்கும் தினமும் நடக்கவில்லை. மொத்தக் கருவிகளையும் சேர்த்துப் பார்த்தால் நாளுக்கு ஒன்றோ இரண்டோ.

சர்வீஸ் பார்க்கும் அண்ணன் ஒருவர் ஒரு தோட்டத்துக்குப் போய்விட்டு வந்து, அங்கே இருந்த பெரியவர் சொன்னதை அப்படியே சொன்னார்: “கரண்டு வந்து ஒண்ணேகா மணி நேரம் ஆச்சுன்னா நின்னு போயிருதுங்க. அதுக்கு முன்னாடியும் நிக்கறதில்ல, பின்னாடியும் நிக்கறதில்ல.”

இந்த வாக்கியம் சர்வீஸ் பதிவில் அன்றைக்கே ஏறிவிட்டது. அதை நாங்கள் உருப்படியாகப் படித்தது பதினேழு நாள் கழித்து.

தவறான திசையில் இரண்டு வாரம்

மோட்டார் தானாக நிற்கிறது என்றால் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு முதலில் தோன்றுவது மின் இரைச்சல். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டர் விழும்போதும் எழும்போதும் வரும் சர்ஜ் (திடீர் மின்னெழுச்சி) சிப்பை ரீசெட் செய்துவிடும், மோட்டார் நின்றுவிடும். முன்பு வேறொரு மாடலில் அப்படித்தான் நடந்தது. அந்த அனுபவம் மனதில் இருந்ததால் அதே கோணத்தில் போனோம். நான்கு கருவிகளைத் திரும்ப வரவழைத்து கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே அந்த எழுச்சியை அடக்கும் ஸ்னப்பர் போட்டோம், பவர் சப்ளையில் கெப்பாசிட்டரை மாற்றினோம். அந்த நான்கும் அடுத்த ஒரு வாரம் ஒழுங்காக ஓடின. பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தோம்.

ஒரு கருவியில் சராசரியாகப் பல மாதங்களுக்கு ஒருமுறை வரும் கோளாறு நான்கு கருவிகளில் ஒரு வாரம் வராமல் இருந்தால் அதில் நிரூபணம் எதுவும் இல்லை. இந்தச் சிறு கணக்கை அன்றைக்கே போட்டிருந்தால் ஸ்னப்பருக்குச் செலவான நாட்கள் மிஞ்சியிருக்கும். இன்னொன்றும் கண் முன்னாலேயே இருந்தது. சிப் ரீசெட் ஆனால் அது எழுந்ததும் சர்வருக்கு ஒரு செய்தி அனுப்பும். புகார் வந்த எந்தக் கருவியிலிருந்தும் அப்படி ஒரு செய்தி வந்திருக்கவில்லை. நின்ற காரணம் என்று கருவியே அனுப்பியிருந்தது ‘நேரம் முடிந்தது’ என்பதைத்தான். அது தன் வேலையைச் சரியாகச் செய்ததாகவே நம்பியிருக்கிறது.

4295

ஸ்னப்பர் போட்ட கருவிகளில் ஒன்று மறுபடி நின்ற அன்று, இளைய பொறியாளர் சர்வர் பதிவுகளை எடுத்து ஒரு அட்டவணை போட்டார். மோட்டார் ஓட ஆரம்பித்த செய்தி சர்வருக்கு வந்த நேரம், நின்ற செய்தி வந்த நேரம், கருவி தானே கணக்குப் போட்டு அனுப்பிய ஓட்ட நேரம். சர்வரின் கடிகாரப்படி 68 நிமிடம் ஓடியிருக்கும். கருவியோ 139 நிமிடம் ஓடியதாகச் சொல்லியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைசிப் பத்தியில் போட்டிருந்தார். வரிக்கு வரி ஒரே எண்: 4295 விநாடி. செய்தி வந்து சேரும் தாமதத்தால் சில இடங்களில் 4293, சில இடங்களில் 4298.

“அண்ணா, இது இரைச்சல் இல்லீங்க. இரைச்சலுக்கு எப்படி ஒரே எண் வரும்?” என்றார்.

4295 விநாடியை மைக்ரோ விநாடி ஆக்கினால் ஏறக்குறைய 429 கோடியே 50 லட்சம். 32 பிட்டில் அடங்கும் மொத்த எண்ணிக்கை 429,49,67,296. அவ்வளவு மைக்ரோ விநாடி என்பது 4294.97 விநாடி, அதாவது 71 நிமிடம் 35 விநாடி. 64-பிட் எண்ணியின் கீழ்ப்பாதி நிரம்பி, மறுபடி பூஜ்யத்துக்கு வந்து, மேல்பாதியில் ஒன்று கூடும் இடைவெளி அதுதான். மின்சாரம் வந்து சிப் எழுந்ததிலிருந்து எண்ணினால் முதல் தடவை அது நடப்பது 71 நிமிடம் 35 விநாடியில். பெரியவர் சொன்ன ஒண்ணேகால் மணி நேரம்.

அட்டவணையை வைத்துக்கொண்டு பார்த்தபோது நடந்தது முழுவதும் விளங்கியது. கீழ்ப்பாதி நிரம்பி வழியும் அந்த ஒரு மில்லி விநாடி எல்லையில், லூப் சரியாகக் கீழ்ப்பாதியைப் படித்து முடித்து மேல்பாதியைப் படிக்கும் முன் இன்டரப்ட் வந்தால், படித்த நேரம் 71 நிமிடம் 35 விநாடி முன்னால் போய்விடும். அடுத்த சுற்றில் மறுபடி சரியாகிவிடும். ஆனால் அந்த ஒரு சுற்றிலேயே ‘இரண்டு மணி நேரம் தாண்டிவிட்டது’ என்று மோட்டார் நிறுத்தப்பட்டிருக்கும்.

இதைத் தடுப்பதற்குத்தானே அடைக்கும் ஃபங்ஷனும் திறக்கும் ஃபங்ஷனும்? அவை அங்கேயேதான் இருந்தன. அவை வேலை செய்யவில்லை என்பதை நம்புவதற்கு எங்களுக்கு இன்னும் ஒரு நாள் ஆனது.

மேசையில் வரவழைத்தது

71 நிமிடத்துக்கு ஒருமுறை, அதுவும் இரண்டு இன்ஸ்ட்ரக்ஷனுக்கு இடைப்பட்ட சந்தில் வரும் கோளாறு. காத்திருந்து பிடிக்க முடியாது. லினக்ஸ் கெர்னலில் ஜிஃபீஸ் என்ற எண்ணி பூஜ்யத்திலிருந்து தொடங்காது. சிஸ்டம் எழுந்து ஐந்து நிமிடத்தில் 32-பிட் நிரம்பி வழியும்படி வேண்டுமென்றே மதிப்பு வைத்துத் தொடங்குவார்கள். வழியும்போது வரும் பிழைகள் மாதக் கணக்கில் ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக. அதே வழியை எடுத்துக்கொண்டோம். எண்ணி நிரம்ப ஒரு விநாடி இருக்கும்போது தொடங்கும்படி வைத்து, மூன்று விநாடிக்கு ஒருமுறை சிப்பை ரீசெட் செய்தோம். மணிக்கு 1200 தடவை நிரம்பி வழிந்தது. முதல் கோளாறு பன்னிரண்டாவது நிமிடத்தில் வந்தது. பழைய வெர்ஷனைப் போட்டு ஓர் இரவு முழுக்க ஓட்டினோம், ஒன்றுகூட வரவில்லை.

அப்புறம் வழக்கமான வேலையைச் செய்தோம். படிக்கும் இடத்தில் ஒரு பதிவு எழுதும் ஃபங்ஷனை வைத்தோம். கோளாறு மறைந்தது. பதிவை எடுத்தோம், திரும்ப வந்தது. ஆப்டிமைசேஷனை ஓ0 ஆக்கி அணைத்தோம், மறைந்தது. பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும் பிழை. இந்த இடத்தில் சி வரிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பதில் பலன் இல்லை. கம்பைலர் கடைசியில் என்ன எழுதியது என்பதைப் பார்க்க வேண்டும். கம்பைலர் உருவாக்கிய கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் எடுத்துத் தாளில் அச்சிட்டோம்.

தாளில் இருந்தது

சி-யில் வரிசை இப்படி இருந்தது: நேரம் கேள். மோட்டார் ஓடுகிறதா என்று பார். ஓடினால், கேட்ட நேரத்திலிருந்து தொடங்கிய நேரத்தைக் கழித்து, வரம்பைத் தாண்டியதா என்று பார். நேரம் கேட்பதற்குள் மூன்று வேலை: அடை, எண்ணியைப் படி, திற.

கம்பைலர் எழுதியதில் முதல் வரி பிரைமாஸ்க்கை ஒரு ரெஜிஸ்டரில் எடுத்தது. இரண்டாவது வரி இன்டரப்டை அடைத்தது. மூன்றாவது வரி எடுத்து வைத்த மதிப்பைத் திரும்பப் பிரைமாஸ்க்கில் போட்டது. அதாவது திறந்துவிட்டது. இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அதற்குக் கீழே மோட்டார் ஓடுகிறதா என்ற சோதனை, ஒரு தாவல். அதையும் தாண்டிக் கீழே, எண்ணியின் கீழ்ப்பாதியை ஏற்றும் வரி, அடுத்து மேல்பாதியை ஏற்றும் வரி.

கதவைச் சாத்தி, யாரையும் உள்ளே விடாமல் உடனே திறந்து, அப்புறம் தெருவில் நின்று எண்ணியிருக்கிறது.

கம்பைலர் இதில் விதியை மீறவில்லை. மோட்டார் ஓடினால்தான் அந்த நேரம் தேவை, ஓடாவிட்டால் தேவையில்லை. தேவைப்படும் கிளைக்குள் மட்டும் படித்தால் மிச்சம் என்று படிக்கும் வேலையைக் கீழே இறக்கிவிட்டது. இதைச் சிங்க்கிங் என்பார்கள். ஜிசிசியில் ட்ரீ-சிங்க் என்ற பெயரில் இருக்கும் ஒரு கட்டம். அந்த ஒன்றை மட்டும் அணைத்து பில்டு செய்து பார்த்தோம், படிக்கும் வரிகள் இரண்டும் அடைப்புக்குள் திரும்ப வந்து உட்கார்ந்தன.

இறக்கும் முன் கம்பைலர் ஒரு கேள்வி கேட்கும்: வழியில் இருக்கும் வரிகளில் ஏதாவது ஒன்று இந்த எண்ணியை மாற்றுமா? வழியில் இருந்தது திறக்கும் அசெம்பிளி வரி. இன்லைன் அசெம்பிளியின் மேற்கோள் குறிக்குள் இருக்கும் இன்ஸ்ட்ரக்ஷன் என்ன செய்யும் என்று ஜிசிசி படித்துப் புரிந்துகொள்வதில்லை. பதிலிட வேண்டிய இடங்களை நிரப்பி, அப்படியே அசெம்பிளரிடம் கொடுத்துவிடும். அந்த வரியைப் பற்றி அதற்குத் தெரிந்ததெல்லாம் கோலன் (:) குறிகளுக்குப் பிறகு நாம் எழுதிக் கொடுப்பதுதான்: எது வெளியே வருகிறது, எது உள்ளே போகிறது, வேறு எதையெல்லாம் கலைக்கிறது. கலைக்கும் பட்டியலை கிளாபர் பட்டியல் என்பார்கள். எங்கள் இரண்டு ஃபங்ஷன்களிலும் அந்தப் பட்டியல் காலி. மெமரி என்ற ஒரு சொல் அங்கே இருந்திருக்க வேண்டும். அது இல்லாததால், ‘இந்த வரி ஒரு ரெஜிஸ்டரை மட்டும் தொடுகிறது, மெமரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை’ என்று நாங்களே கம்பைலரிடம் எழுத்தில் சொல்லியிருக்கிறோம். அது நம்பியது.

அப்படியானால் வாலட்டைல் எதற்கு? எங்கள் குழுவில் எல்லோருமே தவறாகப் புரிந்துவைத்திருந்த இடம் இது, நானும்தான். அசெம்பிளிக்கு வாலட்டைல் போட்டால் அந்த வரியைத் தேவையில்லை என்று தூக்கக் கூடாது, மற்ற வாலட்டைல் வேலைகளோடு வரிசை மாற்றக் கூடாது. அவ்வளவுதான். வாலட்டைல் அல்லாத சாதாரண மாறிகளைப் படிப்பதும் எழுதுவதும் அதைத் தாண்டி மேலேயோ கீழேயோ போகலாம். ஜிசிசி கையேடு இதை வெளிப்படையாகவே சொல்கிறது. எங்கள் எண்ணி சாதாரண மாறி. ‘அடைத்துவிட்டுத்தானே படிக்கிறோம், வாலட்டைல் எதற்கு’ என்று முன்பே யாரோ எழுதி வைத்த குறிப்பும் அதற்கு மேலே இருந்தது.

முன்பு ஏன் வரவில்லை

பழைய வெர்ஷனில் அடைப்பதும் திறப்பதும் வேறொரு கோப்பில் இருந்த ஃபங்ஷன்கள். ஒரு கோப்பை கம்பைல் செய்யும்போது இன்னொரு கோப்பின் ஃபங்ஷனுக்குள் என்ன இருக்கிறது என்று கம்பைலருக்குத் தெரியாது. அது எண்ணியையும் மாற்றலாம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் படிக்கும் வேலையை அந்த அழைப்பைத் தாண்டி நகர்த்தாது. அசெம்பிளி வரியில் விடுபட்ட சொல்லை இத்தனை வருடமும் ஃபங்ஷன் கால் என்ற மறைப்பு ஈடுகட்டிக்கொண்டிருந்தது. ஹெடருக்கு நகர்த்தியதும் மறைப்பு போய்விட்டது. இளைய பொறியாளர் இதைக் கேட்டபோது மிகவும் வருந்தினார். அவர் செய்த மாற்றம் சரியானது. பிழை அவர் படிப்பு முடிக்கும் முன்பே அங்கே இருந்தது. இதை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

எடுத்த முடிவு

மூன்று வழி பேசினோம்.

எண்ணியை வாலட்டைல் ஆக்குவது முதல் வழி. ஒரு சொல்லில் முடிந்துவிடும், உடனே அனுப்பலாம். சோதித்தோம், வேலை செய்தது. ஆனால் அதே அடைப்பை நம்பி இருந்த மாறிகள் இன்னும் ஐந்து. அவற்றில் ஒன்று கரண்ட் அளவுகள் சேரும் வரிசை. அத்தனைக்கும் வாலட்டைல் போட்டாலும், நாளை புதிதாக ஒருவர் ஒரு மாறியைச் சேர்க்கும்போது அவருக்கும் இது நினைவிருக்க வேண்டும். அடைப்பில் இருக்கும் ஓட்டையை, அடைப்பைப் பயன்படுத்துகிற ஒவ்வொருவரும் தனித்தனியாக அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது நியாயமாகப் படவில்லை.

அடைப்பே இல்லாமல், மேல்பாதியை இரண்டு தடவை படித்து இரண்டும் ஒன்றாக இருக்கும் வரை சுற்றுவது இரண்டாவது வழி. நல்ல முறைதான், பலரும் செய்கிறார்கள். அதற்கும் மாறி வாலட்டைல் ஆக இருக்க வேண்டும், மற்ற ஐந்தும் அப்படியே நிற்கும்.

மூன்றாவது, பிழை இருக்கும் இடத்திலேயே சரிசெய்வது. அடைக்கும் வரியிலும் திறக்கும் வரியிலும் கிளாபர் பட்டியலில் மெமரி என்று எழுதுவது. இதனால் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன்கூடக் கூடாது. கம்பைலருக்கு மட்டும் சொல்லும் செய்தி அது: ‘இந்த வரியைத் தாண்டி மெமரி வேலை எதையும் நகர்த்தாதே, ரெஜிஸ்டரில் பிடித்து வைத்திருக்கும் பழைய மதிப்பையும் நம்பாதே.’ லினக்ஸ் கெர்னலில் பேரியர் என்ற பெயரில் இருப்பது இதுதான். உள்ளே இன்ஸ்ட்ரக்ஷன் எதுவும் இல்லாத வெற்று அசெம்பிளி, மெமரி கிளாபர் மட்டும்.

மூன்றாவதை எடுத்தோம், ஒரு படி கூடுதலாகவும் போனோம். கார்டெக்ஸை வடிவமைத்த ஆர்ம் நிறுவனம் தரும் சிம்சிஸ் ஹெடர்களில் இதே வேலைக்கு ஃபங்ஷன்கள் ஏற்கெனவே இருக்கின்றன, அவற்றில் மெமரி கிளாபரும் இருக்கிறது. எங்கள் புராஜெக்ட்டில் அந்த ஹெடர் வேறு காரணத்துக்காக ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருந்தது. ஆகவே நாங்கள் எழுதியதைத் தூக்கிவிட்டு அதையே பயன்படுத்தினோம். திரும்ப பில்டு செய்து தாளில் அச்சிட்டபோது, அடைக்கும் வரிக்கும் திறக்கும் வரிக்கும் நடுவில் ஏற்றும் வரிகள் இரண்டும் இருந்தன. மேசைச் சோதனையை இரண்டு இரவு ஓட்டினோம். கோளாறு வரவில்லை.

ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெமரி கிளாபர் மெமரி வேலைகளைத்தான் நிறுத்தும். ரெஜிஸ்டருக்குள்ளேயே முடியும் கணக்குகள் அதைத் தாண்டி நகரலாம். ஏவிஆர் வகைச் சிப்புகளுக்கான சி லைப்ரரியான ஏவிஆர்-லிப்சியின் ஆவணத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. இன்டரப்டை அடைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வகுத்தலை கம்பைலர் அடைப்புக்குள் இழுத்துவிடுகிறது, இன்டரப்ட் தேவையில்லாமல் நீண்ட நேரம் அடைபட்டிருக்கிறது. பதில் தவறாகாது, நேரம்தான் போகும். எங்கள் கரண்ட் அளக்கும் இடத்தில் அப்படி ஏதும் நகர்ந்திருக்கிறதா என்று தனியாகப் பார்த்தோம், இல்லை.

மற்ற இடங்கள்

ஒரு இடத்தில் இப்படி என்றால் மற்ற இடங்களையும் பார்க்காமல் விட முடியாது. மொத்தம் பதினொரு இடங்களில் இன்லைன் அசெம்பிளி இருந்தது. வெறும் காத்திருப்பு, தூக்கம் போன்ற ஒற்றை இன்ஸ்ட்ரக்ஷன்களில் குறை இல்லை. இரண்டு இடங்கள் மட்டும் விரிவாகச் சொல்லத் தக்கவை.

முதலாவது, இரண்டு 32-பிட் எண்களைப் பெருக்கி 64-பிட் விடை தரும் துண்டு. கார்டெக்ஸ்-எம்0+ இல் பெருக்கல் இன்ஸ்ட்ரக்ஷன் 32-பிட் விடையைத்தான் தரும். அதனால் எண்களைப் பாதி பாதியாகப் பிரித்துப் பெருக்கிக் கூட்டும் ஒரு பத்துப் பதினைந்து வரி அசெம்பிளி. அதில் விடை போகும் ரெஜிஸ்டரில் நான்காவது வரியிலேயே எழுதிவிடுகிறார்கள். உள்ளே வந்த எண்ணை ஏழாவது வரியில் மறுபடி படிக்கிறார்கள். எல்லா உள்ளீடுகளையும் படித்து முடித்த பிறகுதான் விடையை எழுதுவோம் என்பது ஜிசிசியின் அனுமானம். அந்த நம்பிக்கையில் உள்ளீட்டுக்கும் விடைக்கும் ஒரே ரெஜிஸ்டரைக் கொடுக்க அதற்கு உரிமை உண்டு. முன்கூட்டியே எழுதுகிறோம் என்று சொல்ல, விடைக்குரிய குறியோடு ஒரு ஆம்பர்சண்ட் (&) சேர்க்க வேண்டும். அது இல்லை. போதாததற்கு, அந்தப் பெருக்கலும் கூட்டலும் ஃபிளாக்குகளை (விடை பூஜ்யமா என்பது போன்றவற்றைக் குறிக்கும் பிட்கள்) மாற்றும், அதுவும் பட்டியலில் சொல்லப்படவில்லை. எங்கள் பில்டில் வேறு வேறு ரெஜிஸ்டர்கள் அமைந்திருந்தன, விடை சரியாகவே வந்துகொண்டிருந்தது. வேறொரு நாள், வேறொரு கம்பைலர் வெர்ஷனில், மின் யூனிட் கணக்கு தவறாக வந்திருக்கும்.

இதைச் சரிசெய்யவில்லை, நீக்கிவிட்டோம். சி-யிலேயே ஒரு எண்ணை 64-பிட் ஆக்கிப் பெருக்கினால் கம்பைலர் தன் லைப்ரரியில் இருக்கும் பெருக்கல் ஃபங்ஷனைக் கூப்பிட்டுக்கொள்கிறது. சில சைக்கிள் கூடுதல். விநாடிக்கு ஒருமுறை நடக்கும் கணக்குக்கு அது பொருட்டே இல்லை.

இரண்டாவது, சிறு தாமதம் தரும் லூப். எத்தனை சுற்று என்ற எண் உள்ளீடாகப் போகிறது. அசெம்பிளி அதே ரெஜிஸ்டரை ஒவ்வொன்றாகக் குறைத்துப் பூஜ்யமாக்குகிறது. உள்ளீடு என்று மட்டும் சொன்னால், அது தொடப்படாமல் இருக்கும் என்று கம்பைலர் நினைக்கும். அடுத்தடுத்து இரண்டு தடவை அதே எண்ணோடு கூப்பிட்டால் இரண்டாவது தடவை அந்த ரெஜிஸ்டரில் இருப்பது பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் குறைத்தால் 429 கோடி சுற்று. படிக்கவும் எழுதவும் செய்கிறோம் என்று சொல்லும் கூட்டல் குறியை இட்டோம், ஃபிளாக்குகளையும் பட்டியலில் சேர்த்தோம். உள்ளே பெயர் வைத்த லேபிள் (தாவிப் போக வேண்டிய இடத்தின் அடையாளம்) ஒன்றும் இருந்தது. இன்லைன் ஆகி இரண்டு இடத்தில் விரிந்தால் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறது என்று அசெம்பிளர் மறுத்துவிடும். அதை எண் லேபிளாக மாற்றினோம்.

களத்தில்

சரியான வெர்ஷன் தயாரான பிறகு கருவிகளுக்கு அனுப்புவதுதான் நீண்ட வேலையாக இருந்தது. பெரும்பாலான கருவிகளுக்கு மொபைல் வலை வழியாகவே போய்விட்டது. சிக்னல் இல்லாத பள்ளத்தில் இருந்த நாற்பது சொச்சம் கருவிகளுக்குச் சர்வீஸ் அண்ணன்மார் லேப்டாப்போடு நேரில் போனார்கள். அதற்கு மூன்று வாரம். அந்த மூன்று வாரமும், மாற்றப்படாத கருவி வைத்திருந்தவர்களை அழைத்து, ஓட்ட நேர வரம்பை எடுத்துவிட்டு ஆளிருந்து நிறுத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டோம். ராத்திரி எழுந்து போக வேண்டியிருந்ததில் சிலருக்குக் கோபம். கோபப்பட அவர்களுக்குக் காரணம் இருந்தது.

சர்வர் பக்கம் ஒரு சின்ன சோதனை சேர்த்தோம். கருவி சொல்லும் ஓட்ட நேரத்துக்கும் சர்வர் பார்த்த ஓட்ட நேரத்துக்கும் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்களுக்குக் குறுஞ்செய்தி வரும். முதல் நாளிலிருந்தே இது இருந்திருந்தால் ஸ்னப்பர் கதையே நடந்திருக்காது.

மாற்றிக்கொண்ட வழக்கங்கள்

இப்போது இன்லைன் அசெம்பிளி உள்ள எந்த மாற்றத்துக்கும், அதன் ஆப்ஜ்டம்ப் பகுதியும் சேர்ந்து வந்தால்தான் ஒப்புதல். அசெம்பிளி வரி மாறாமல் அது இருக்கும் கோப்பு மாறினாலும் இதே விதி. ஒவ்வொரு அசெம்பிளித் துண்டுக்கும் மேலே, இதை ஏன் சி-யில் எழுத முடியவில்லை என்று ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரியை எழுதத் தெரியாததாலேயே பதினொன்றில் நான்கு போய்விட்டன. சோதனை பில்டில் எண்ணி எப்போதும் நிரம்புவதற்கு ஒரு விநாடி முன்னால்தான் தொடங்குகிறது. அடைப்புக்கும் திறப்புக்கும் நடுவில் எதுவும் இல்லாமல் வந்தால் பில்டை நிறுத்திவிடும் ஒரு சிறு ஸ்கிரிப்டை இளைய பொறியாளர் எழுதினார். பிரைமாஸ்க் வரிகளைத் தேடி, இடையில் மெமரியை ஏற்றும் வரியோ சேமிக்கும் வரியோ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. முதல் முறை ஓட்டியபோதே, இதே அடைப்பு ஃபங்ஷன்களின் பழைய நகல் இருந்த எங்கள் இன்னொரு மாடலில் இரண்டு இடங்களைக் காட்டியது. அவை களத்துக்குப் போகும் முன் சரிசெய்யப்பட்டன.

சர்வீஸ் பதிவில் வாடிக்கையாளர் சொன்ன சொற்களை அவர்கள் சொன்னபடியே எழுதும் வழக்கம் முன்பே இருந்தது. அதைப் படிக்கும் வழக்கம்தான் இல்லை. இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் அந்த வாரப் பதிவுகளை மென்பொருள் எழுதுகிறவர்களும் உட்கார்ந்து படிக்கிறோம்.

ஒண்ணேகால் மணி நேரம் என்று சொன்ன பெரியவரின் கருவிக்கு மாற்றம் போனது ஒரு வியாழக்கிழமை. அன்று இரவு 11 மணிக்கு அவர் தோட்டத்துக்கு மும்முனை மின்சாரம் வந்தது. 12 மணி 11 நிமிடத்தைச் சர்வர் பதிவில் விழித்திருந்து பார்த்தோம். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வைத்த இரண்டு மணி நேரம் முடிந்து, ஒரு மணி தாண்டி நின்றது.